உள் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா? எல்.எஸ்.டி. பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பின்னச்சு ஆயிலைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயிலைப் பற்றி இல்லை, எல்.எஸ்.டி. எனப்படும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பற்றி; பிடியில்லாத ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃப் அது. சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம். வழக்கம்போல எழுதியவர் பெயருக்குப் பதில் அவருடைய வண்டியின் பெயர். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எல்லோரும் எல்.எஸ்.டி. என்கிறார்கள். என் காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. சுற்றுகிற சக்கரத்தை அதுவே பிரேக் பிடித்து நிறுத்திவிடுகிறது. அப்புறம் எதற்கு இன்னொரு செலவு?
(கோல்ஃப் ஜி.டி.ஐ., ஆறாம் தலைமுறை)

நிறுத்தத்தான் செய்கிறது. எதைக் கொடுத்து நிறுத்துகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

இன்ஜின் சக்தியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்து, வளைவில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதில் சாதாரண வகை, அதாவது ஓப்பன் டிஃப், இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு டார்க்கை, அதாவது முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். வளைவில் வண்டி சாயும்போது உள் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. அந்த நேரத்தில் அது 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது வெளிச் சக்கரத்துக்கும் அதே 100தான் போகும். அந்த டயர் 300 வரை தாங்கும் என்றாலும் கிடைப்பது 100. மொத்தம் 200.

இப்போது கம்ப்யூட்டர் குறுக்கே வந்து உள் சக்கரத்தில் 150 அளவுக்கு பிரேக் பிடிக்கிறது. அந்தப் பக்கம் சாலை 100, பிரேக் 150, சேர்த்து 250. டிஃப் சமமாகப் பிரிப்பதால் வெளிச் சக்கரத்துக்கும் 250 போகிறது. சாலையில் இறங்கியது 350. ஆனால் ஆக்சிலுக்கு வந்து சேர வேண்டியது 500. மீதி 150 உங்கள் பிரேக் டிஸ்க்கில் சூடாகிறது. நல்ல எல்.எஸ்.டி. இருந்தால் அதே 350-ஐ இறக்க ஏறக்குறைய 350 போதும்.

தினசரி ஓட்டத்தில் இது பெரிய விஷயம் இல்லை. மழையில் சிக்னலில் கிளம்பும்போது ஒரு நொடி பிரேக் பிடித்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அதே வளைவில் அதே பேட் எரிகிறது. பிரேக் போட வேண்டிய இடத்தில் பிரேக் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் உங்கள் தலைமுறையில் எக்ஸ்.டி.எஸ். என்ற இந்த பிரேக் முறையைக் கொடுத்தது. ஏழாம் தலைமுறையின் பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் முன் சக்கரங்களுக்கு நடுவே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் நிஜமான கிளட்ச் பிளேட்களையே வைத்துவிட்டது. பிரேக்கே போதும் என்றால் அந்த வேலை எதற்கு?

டிராக்குக்குப் போகிறவர் என்றால் மாற்றுங்கள். முன் சக்கர டிரைவ் என்பதால் பல்சக்கர வகையை, அதாவது ஹெலிகல் வகையை மட்டும் பாருங்கள். இரண்டாம் தலைமுறை ஃபோக்கஸ் ஆர்.எஸ்.ஸில் 300 குதிரைத்திறனை முன் சக்கரங்களுக்கு மட்டும் கொடுக்க ஃபோர்டு தேர்ந்தெடுத்தது குவைஃப் நிறுவனத்தின் ஹெலிகல் டிஃப்தான். முன்னால், கிளட்ச் பிளேட்களால் பிடிக்கும் இறுக்கமான பிளேட் வகை போட்டவர்கள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: 2013 மாடல். கம்பெனியே டோர்சன் எல்.எஸ்.டி. கொடுத்திருக்கிறது. ஆனாலும் குறுகலான வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள் சக்கரம் சுற்றிப் புகை கிளப்புகிறது. டோர்சன் சரியில்லை, பிளேட் டைப் போடு என்கிறார் நண்பர். வண்டி சாய்வதைக் குறைக்க பின்பக்கம் தடித்த ஆன்ட்டி ரோல் பார் மாட்டி, உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷனான காய்ல்ஓவர் போட்டு நன்றாகத் தாழ்த்தியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.
(டொயோட்டா 86)

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. சம்பந்தம் இருக்கிறது. நிறையவே.

டோர்சனும் மேலே சொன்ன பல்சக்கர வகைதான். அதற்குள் கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது. சாய்வான பற்கள் கொண்ட சிறு பல்சக்கரங்கள்தான். டார்க் வரும்போது அவை கேஸின் சுவரிலும் பக்கத்து வாஷரிலும் அழுந்தி உரசுகின்றன. எவ்வளவு டார்க் வருகிறதோ அவ்வளவு உரசல். இதன் மூலக் கருத்துக்கு வெர்னான் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958-ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் பார்க்கப் பார்க்க அலுக்காத வேலைப்பாடு அது.

ஆனால் அது செய்வது பெருக்கல். பெருக்கும் எண் 2.5 என்று வையுங்கள். உள் சக்கரம் 100 தாங்கினால் வெளிச் சக்கரத்துக்கு 250 வரை அனுப்பும். 40 தாங்கினால் 100. உள் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். அந்த நிமிடம் உங்களுடையது சாதாரண ஓப்பன் டிஃப்.

உள் சக்கரத்தை எழுப்புவது யார்? நீங்கள் மாட்டிய அந்தத் தடித்த பார். பின் ஆன்ட்டி ரோல் பார் இறுகும்போது வெளிச் சக்கரம் மேலே ஏற ஏற உள் சக்கரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காய்ல்ஓவரில் கீழ்நோக்கி இறங்கும் தூரம் குறைவாக இருந்தால் மிச்சமும் போச்சு. டோர்சன் மேல் பழி போடுவதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பின் பாரின் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றித் தொங்காமல் கட்டிவிட்டு, மூடிய டிராக்கில் அதே வளைவில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். வண்டி கூடுதலாகச் சாயும், முன்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளும், எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். புகை நின்றுவிட்டால், டிஃபை விட்டுவிட்டு சஸ்பென்ஷனைச் சரிபண்ணுங்கள். பழைய மெல்லிய பாரையே திரும்ப மாட்டினாலும் தப்பில்லை.

நின்றபாடில்லை என்றால் மட்டும் பிளேட் வகை. டிராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறி ஓட்டுகிறவர்கள், ஸ்லிக் டயர் போடுகிறவர்கள், டர்போ மாட்டி சக்தியைக் கணிசமாக ஏற்றியவர்கள், பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு டிரிஃப்ட் செய்கிறவர்கள் ஆகியோருக்கு அது நியாயமான தேவை. ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் பிளேட் வகையில் ஸ்பிரிங் கொடுக்கும் ஆரம்ப அழுத்தம், அதாவது ப்ரீலோடு, இருந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். டோர்சன் ஏறக்குறைய வண்டியின் ஆயுள் வரை ஓடும். பிளேட் தேயும். கழற்றி, பிளேட் மாற்றி, திரும்ப மாட்டும் வேலை வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: விஸ்கஸ் எல்.எஸ்.டி. செத்துவிட்டது. டிரிஃப்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன், வேலைக்குப் போவதும் இதே காரில்தான். ஒன்-வே, ஒன்றரை-வே, டூ-வே என்கிறார்கள். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு டூ-வே வாங்கு என்கிறார். என்ன வித்தியாசம்?
(நிசான் சில்வியா எஸ்14)

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குவோம்.

விஸ்கஸ் வகைக்குள் துளையிட்ட தகடுகளும் கெட்டியான சிலிகான் திரவமும் இருக்கும். இரண்டு சக்கரத்தின் வேகமும் மாறுபட்டால்தான் திரவம் இழுத்துப் பிடிக்கும். அதாவது முதலில் சறுக்க வேண்டும், அப்புறம்தான் உதவி வரும். வயதானால் திரவம் தளர்ந்துவிடும். டிஃபின் வெளிக்கூடான ஹௌசிங்கில் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அது பிழைக்காது. அந்தத் திரவம் தனியாக சீல் செய்யப்பட்டது. ஆகவே மாற்றத்தான் வேண்டும்.

பிளேட் வகையில் நடப்பது இது. நடுவில் ஒரு குறுக்குத் தண்டு, அதன் இரண்டு பக்கமும் பிரஷர் ரிங். ரிங்குகளில் சாய்வாக வெட்டிய பள்ளத்தில் தண்டின் முனைகள் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் இழுக்கும்போது தண்டு அந்தச் சரிவில் ஏறி, விறகில் ஆப்பு இறங்குவது மாதிரி ரிங்குகளை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. ரிங் பிளேட்களை நசுக்குகிறது. பிளேட்கள் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன.

வித்தியாசம் எல்லாம் அந்தச் சரிவில்தான். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் பிரேக்கிங்கில் தண்டு பள்ளத்தின் மறுபக்கச் சுவரில் மோதும். அந்தச் சுவர் 90 டிகிரியில் நேராக இருந்தால் தள்ளுதல் கிடையாது, அது ஒன்-வே. முன்பக்கச் சரிவும் பின்பக்கச் சரிவும் ஒன்றாக, 45க்கு 45 என்று இருந்தால், மிதித்தாலும் விட்டாலும் ஒரே இறுக்கம், அது டூ-வே. முன்னால் 45, பின்னால் 60 என்பது போல இருந்தால் விடும்போது குறைவாகப் பிடிக்கும். அதைத்தான் ஒன்றரை என்கிறார்கள். இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய பிடி அதிகம். வாங்கும்போது கோணத்தை எந்தப் பக்கத்திலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது என்ன தெரியும்? டூ-வேயில் வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடப் பார்க்கும். வண்டி நேராகப் போகவே ஆசைப்படும். மூக்கு உள்ளே வராது. ஆனால் பின்பக்கம் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்தால், மிதித்தாலும் விட்டாலும் பிடி மாறாததால் சறுக்கல் ஒரே சீராக இருக்கும். டிரிஃப்ட்காரர்கள் அதற்காகத்தான் அதை விரும்புகிறார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் காலையில் வேலைக்குப் போவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் யோசனை: சில கம்பெனிகள் ஒரே பிரஷர் ரிங்கில் இரண்டு வித வெட்டும் கொடுக்கின்றன. தண்டை எந்தப் பள்ளத்தில் வைத்துக் கோக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றரையாகவும் டூ-வேயாகவும் மாறும். அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்கி, குறைந்த ப்ரீலோடில், ஒன்றரையாகக் கோத்து மாட்டுங்கள். கை தேர்ந்த பிறகு, தேய்ந்த பிளேட்டை மாற்ற எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள், அப்போது டூ-வே ஆக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: 1991 மாடல் 1.6. ஓப்பன் டிஃப். 1.8 வண்டியின் டோர்சனை அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
(மாஸ்டா எம்.எக்ஸ்-5)

போடலாம், ஆனால் அப்படியே இல்லை. 1.6-ன் கிரவுன் வீல், அதாவது டிஃபைச் சுற்றும் பெரிய பல்சக்கரம், 6 அங்குலம்; 1994-ல் 1.8 வந்தபோது 7 அங்குலம் ஆக்கினார்கள். டோர்சனும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் கிடைத்தது விஸ்கஸ். பெரிய டிஃபின் உட்பகுதி சின்ன ஹௌசிங்குக்குள் போகாது. ஆகவே முழு டிஃப், அதற்கான இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் 1.8 வண்டியிலிருந்தே சேர்த்து எடுக்க வேண்டும். செட்டாக எடுத்தால் வேலை சுலபம். உதிரியாகத் தேடினால் ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று கிடைக்காது.

இன்னொன்று, 1.6-ல் ஃபைனல் டிரைவ், அதாவது டிஃபின் பல் விகிதம், 4.3, 1.8-ல் 4.1. மாற்றினால் கியர் சற்று நீளமாகிவிடும். நெடுஞ்சாலையில் இன்ஜின் சத்தம் குறையும், கிளம்பும் துள்ளலும் துளி குறையும். அந்தச் சின்ன இன்ஜினில் அது தெரியத்தான் செய்யும். ஆனால் சின்ன டிஃபுக்கு டர்போ ஆசை ஆகவே ஆகாது. மனதில் அந்தத் திட்டம் இருந்தால் 7 அங்குலத்துக்கு இப்போதே மாறிவிடுவது நல்லது.

கேள்வி: என் பழைய வண்டியில் 25 சதவீத லாக். 40 சதவீதத்துக்கு மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா, அல்லது எண்ணிக்கை மயக்கமா?
(பி.எம்.டபிள்யூ எம்3)

தெரியும். மொத்த டார்க்கில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதுதான் அந்தச் சதவீதம். மொத்தம் 200 என்றால், 25 சதவீதத்தில் ஒரு பக்கம் 125, மறுபக்கம் 75. 40 சதவீதத்தில் 140க்கு 60. பிடியில்லாத சக்கரத்தை விடப் பிடியுள்ள சக்கரம் முன்பு 1.67 மடங்கு வாங்கியது, இப்போது 2.33 மடங்கு.

ஆனால் முதலில் உங்கள் 25 உண்மையிலேயே 25 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை வருட ஓட்டத்தில் பிளேட் தேய்ந்து அது 10 ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. புது பிளேட் போட்டுக் கோத்தாலே பலருக்குப் போதுமாகிவிடுகிறது. கோக்கும்போது பிளேட்களின் வரிசையை மாற்றி உரசும் முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அந்த வேலை தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள், எண்ணைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: டிஃபை நானே வீட்டில் மாற்றலாமா? பிரேக், கிளட்ச் எல்லாம் நானே செய்திருக்கிறேன்.
(ஹோண்டா எஸ்2000)

கீழே இறக்கி மேலே ஏற்றும் வேலை உங்களால் முடியும். நடுவில் இருக்கும் வேலை வேறு ரகம்.

இறக்குமுன் ஆயிலை வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். பொடியாக, பசை போல ஒட்டியிருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். துண்டு துண்டாக இருந்தால் எல்.எஸ்.டி.யை விட முக்கியமான சேதி உள்ளே காத்திருக்கிறது. இறக்கிய பிறகு, எதையும் கழற்றுவதற்கு முன்னால் டயல் கேஜ் வைத்து கிரவுனுக்கும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் இடையே உள்ள பேக்லாஷை, அதாவது பற்களின் இடைவெளியை, அளந்து எழுதி வையுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு அப்புறம் தவிக்கிறவர்கள்தான் அதிகம். பேரிங் கேப் இரண்டிலும் இடது, வலது என்று குறியிடுங்கள். அளவு சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்கள் எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதும் கலந்துவிடக் கூடாது.

கிரவுன் வீலைப் பழைய கேஸிலிருந்து கழற்றிப் புது எல்.எஸ்.டி.யில் மாட்ட வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் அளவுச் சூடு கொடுத்தால் தானாக உட்காரும். போல்ட் புதிதாகப் போடுங்கள், லாக் திரவம் தடவிப் புத்தகத்தில் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். சில அமெரிக்க ஆக்சில்களில் இந்த போல்ட்கள் இடது மரை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். வலது என்று நினைத்து முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

புது கேஸ், புது பேரிங் என்றால் பழைய ஷிம் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. பேக்லாஷைத் திரும்ப அளக்க வேண்டும். பல வண்டிகளில் அது ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்; உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே வேதம். அதோடு பல்லில் குறிப் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பில் விழுந்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். ஃபைனல் டிரைவ் மாற்றவில்லை என்றால் பினியன் நட்டைத் தொடவே தொடாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் நசுங்கும் ஸ்லீவ் ஒரு முறைக்குத்தான். திறந்தால் அதையும் மாற்றி, பினியன் பேரிங் ப்ரீலோடை முதலிலிருந்து வைக்க வேண்டும்.

டயல் கேஜும் பேரிங் பிரஸ்ஸும் இல்லாதவர்கள், டிஃபை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு பல்சக்கர வேலை தெரிந்த பட்டறைக்குப் போங்கள். கோத்து வாங்கி வந்து நீங்களே ஏற்றுங்கள். கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்குத்தான் ஆகும், அது மிச்சம். உங்கள் எஸ்2000-த்தில் கம்பெனி டோர்சன் இருப்பதால், ஏன் மாற்றுகிறீர்கள் என்பதை 86-க்காரருக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டு ஒரு முறை யோசியுங்கள்.

கேள்வி: புதிதாக பிளேட் எல்.எஸ்.டி. போட்டேன். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பின்னால் கடகட என்று சத்தம், டயர் குதிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
(மஸ்டாங்)

ஏமாற்றவில்லை. சத்தம் அந்தச் சாமானின் குணம். இறுக்கமான ப்ரீலோடு வைத்த பிளேட்கள் பிடித்துப் பிடித்து விடுகின்றன, அதுதான் கேட்கிறது.

ஆனால் குறைக்கலாம். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பிளேட் வகைக்குப் பெரும்பாலும் எல்.எஸ். என்று குறித்த ஜி.எல்-5 ஆயில், அல்லது உராய்வைக் குறைக்கும் திரவம் சேர்த்த ஆயில் வேண்டும். அந்தத் திரவத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றாதீர்கள். சத்தத்தோடு லாக்கும் போய்விடும். ஹெலிகல் வகைக்கு அது தேவைப்படுவதில்லை, ஆகவே மற்றவர் சொன்னதைக் கேட்டு ஊற்ற வேண்டாம்.

பழக்கி ஓட்டினீர்களா? காலியான மைதானத்தில் மெதுவாக 8 போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பி, சூடு ஏறியதும் ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, அப்புறம் ஆயிலை மாற்ற வேண்டும். வடிந்து வரும் ஆயில் சாம்பல் நிறத்தில் இருக்கும். பயப்படாதீர்கள், பிளேட் பழகியதன் அடையாளம். இவ்வளவும் செய்த பிறகும் டயர் குதித்தால் ப்ரீலோடைக் குறைக்கச் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: பின்னால் ஒரு டயர் புதிது, ஒன்று பழையதா? சுற்றளவு மாறினால் நேர்ச்சாலையில்கூட பிளேட் ஓயாமல் தேயும்.

கேள்வி: எல்.எஸ்.டி. போட்டால் மழையில் பாதுகாப்பு கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் என் மனைவியும் இதே காரை ஓட்டுகிறார். போன வாரம் ஈரமான ரவுண்டானாவில் பின்பக்கம் சட்டென்று போய்விட்டது என்கிறார். அவர் ஓட்டுவதில் தப்பா?
(ஆர்எக்ஸ்-7)

அவர் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை யாரும் சொல்லி விற்பதில்லை. ஓப்பன் டிஃபில் உள் சக்கரம் சுற்றினாலும் வெளிச் சக்கரம் அமைதியாக உருண்டுகொண்டு, பின்பக்கம் பக்கவாட்டில் போகாமல் பிடித்துவைத்திருக்கும். ஒரு டயர் வீணாகப் போவதால்தான் இன்னொரு டயர் காப்பாற்றுகிறது. எல்.எஸ்.டி. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. ஈரத்தில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடி இழக்கும். பிடி இழந்த டயருக்குப் பக்கவாட்டுப் பலமும் கிடையாது. பின்பக்கம் போவது அதனால்தான். லாக் எவ்வளவு அதிகமோ, அது அவ்வளவு சட்டென்று நடக்கும்.

ஆகவே முதலில் ப்ரீலோடைக் குறையுங்கள். டயரைப் பாருங்கள், டிராக் டயரில் மழைக்காலத்தை ஓட்டாதீர்கள். பட்டறையில் ஏபிஎஸ் சென்சர் ஏதாவது கழன்றிருக்கிறதா, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வண்டியில் இருந்தால் அது வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். கூடவே உங்கள் மனைவியை ஒரு ஈரமான மூடிய மைதானத்துக்கு அழைத்துப்போய், குறைந்த வேகத்தில் வண்டி எப்படி நழுவுகிறது என்று அவரே தெரிந்துகொள்ளும்படி ஓட்ட விடுங்கள். நீங்கள் மட்டும் ஓட்டுகிற வண்டி இல்லை என்றால், இரண்டு பேருக்கும் பொருந்துகிற டிஃப் ஹெலிகல்தான் என்பது என் தீர்மானம்.

கேள்வி: என்னுடையது எலக்ட்ரானிக் டிஃப். கழற்றிவிட்டு மெக்கானிக்கல் போடலாமா?
(எம்5, எஃப்10)

வேண்டாம். அந்த டிஃப் தனியாக இல்லை. ஸ்டீயரிங் கோணம், சக்கர வேகம், ஆக்ஸிலரேட்டர் எல்லாவற்றையும் பார்த்து மோட்டார் பிளேட்டை அழுத்துகிறது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதோடு பேசிக்கொண்டே இருக்கிறது. 2004-ல் ஃபெராரி எஃப்430 ஈ-டிஃபோடு வந்தபோது அதிசயமாகப் பார்த்தோம், இப்போது சர்வசாதாரணம். வெறும் ரேஸ் வண்டியாக மாற்றி, கம்ப்யூட்டரையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் வேறு பேச்சு.

கேள்வி: டிஃபின் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துவிட்டால் நூறு சதவீத லாக்தானே? எதற்கு இத்தனை பாடு?
(பெயரும் வண்டியும் எழுதாத ஒருவர்)

டிராக்குக்கு ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிற டிரிஃப்ட் வண்டிக்குச் செய்துகொள்ளுங்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும், அந்த முறுக்கை ஆக்சில் ஷாஃப்ட் வாங்கிக்கொள்ளும். வெல்டிங் துணுக்கு ஒன்று பேரிங்குக்குள் போனால் வேலை முடிந்தது. ஈரத்தில் என்ன ஆகும் என்பதற்கு மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பழைய டிஃப் வாங்கப் போகிறேன். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறு சக்கரம் அதே திசையில் சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் எல்.எஸ்.டி. இல்லை என்று சொன்னார்கள். சரியா?
(டொயோட்டா 86, இன்னொருவர்)

பாதி சரி. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து ஒன்றைச் சுற்றும்போது மறுபக்கமும் அதே திசையில் வந்தால், ப்ரீலோடு உள்ள எல்.எஸ்.டி. என்று எடுத்துக்கொள்ளலாம். எதிர்த் திசையில் வந்தால் அது ஓப்பன் டிஃபாக இருக்கலாம், பிளேட் தேய்ந்ததாக இருக்கலாம், அல்லது நல்ல நிலையில் உள்ள டோர்சனாகவும் இருக்கலாம். ப்ரீலோடு இல்லாத டோர்சன் கையால் சுற்றும் அளவு டார்க்குக்கு விழித்துக்கொள்ளாது. ஆகவே இந்தச் சோதனையை வைத்து நல்ல டோர்சனைத் தள்ளிவிடாதீர்கள். அச்சு ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே இருப்பது என்ன வகை என்று பார்க்கலாம். ஹௌசிங் எண்ணைக் கம்பெனிப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம்.

பிளேட் வகை என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, மறு சக்கரம் தரையில் இருக்க, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு நியூட்ரலில் தூக்கிய சக்கரத்தை டார்க் ரெஞ்சால் திருப்புங்கள். எந்த அளவில் அசைகிறதோ அதுதான் ப்ரீலோடு. புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு வெகு கீழே இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எது செய்தாலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கிய எல்.எஸ்.டி. வண்டியை கியரில் போட்டால் தரையில் இருக்கும் சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி ஜாக்கியை விட்டு ஓடிவிடும்.